இரண்டு பழைய பியானோ, ஒரு ஆர்கெஸ்ட்ரா

நேயர்களுக்கு வணக்கம்.

1885இல் ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் தன் நான்காவது சிம்பொனியை எழுதி முடித்த கையோடு வியன்னாவில் நண்பர்கள் சிலரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஆர்கெஸ்ட்ரா கிடையாது. இரண்டு பியானோதான். ஒன்றில் அவர், மற்றொன்றில் பியானோ கலைஞர் இக்னாஸ் ப்ரூல். முதல் பகுதி முடிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் விமர்சகர் ஹான்ஸ்லிக், பயங்கரமான புத்திசாலிகள் இருவர் சேர்ந்து தன்னை அடித்துப் போட்டது மாதிரி இருக்கிறது என்றாராம்.

அந்தக் காலத்தில் இது ஒன்றும் விசேஷமில்லை. கிராமபோன் வீட்டுக்கு வருமுன் பெரும்பாலானவர்களுக்கு சிம்பொனி அறிமுகமானதே பியானோவில்தான். கடலைப் பற்றிய 'லா மேர்' ஆர்கெஸ்ட்ரா வடிவம் அரங்கேறிய அதே 1905இல், அதை எழுதிய பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி, ஒரே பியானோவில் இருவர் வாசிக்கும்படி நான்கு கைகளுக்காக அவரே மாற்றி எழுதினார். இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவலின் 'லா வால்ஸ்' (வால்ட்ஸ் நடன இசையை வைத்து எழுதியது) 1920 அக்டோபரில் வியன்னாவில் முதலில் ஒலித்ததும் இரண்டு பியானோவில்தான். ராவலும் இத்தாலிய இசையமைப்பாளர் கசெல்லாவும் வாசித்தார்கள். பாரிஸில் ஆர்கெஸ்ட்ரா அதை வாசித்தது டிசம்பரில்.

சரி, இன்று ஆர்கெஸ்ட்ரா பதிவுகள் கொட்டிக் கிடக்கும்போது, இரண்டு பேர் எரார் என்ற பிரெஞ்சு கம்பெனியின் நூறு வருடப் பழைய பியானோக்களைத் தேடிப் பிடித்து எதற்காக வாசிக்க வேண்டும்? பியானோ கலைஞர்கள் யோஸ் ஃபான் இம்மர்சீலும் க்ளேர் செவாலியேயும் பிரெஞ்சு இரு-பியானோ இசையை அப்படித்தான் பதிவு செய்தார்கள். பழமை மேல் உள்ள மோகம் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன்.

விஷயம் கம்பியில் இருக்கிறது. இன்றைய பெரிய பியானோவில் அடிஸ்தாயிக் (கனத்த ஒலி தரும்) கம்பிகள் மற்றவற்றுக்கு மேலாகக் குறுக்கே ஓடுகின்றன. ஸ்டைன்வே பியானோ கம்பெனி 1859இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. ஒலி பெருகும், எல்லாம் கலந்து ஒரே நிறமாகும். எரார் கம்பெனியோ இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் கம்பிகளை இணையாகவே ஓடவிட்டது. அதனால் அடியில் ஒரு குரல், நடுவில் ஒரு குரல், உச்சியில் கண்ணாடி மாதிரி இன்னொரு குரல். செல்லோ ஒரு பக்கம், புல்லாங்குழல் ஒரு பக்கம் என்று பிரித்துக் கேட்க ஏங்கும் காதுக்கு இது பெரிய உதவி. ராவல் பாரிஸ் அருகே மோன்ஃபோர் லமோரி ஊரில் இருந்த தன் வீட்டில் வைத்திருந்ததும் எரார்தான்.

'லா வால்ஸ்' தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டபுள் பேஸ்கள் (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியம்) அடியில் முணுமுணுக்கும் இடம். புதிய பியானோ இரண்டில் அது வெறும் உறுமலாகிவிடும். எராரில் ஒவ்வொரு சுரமும் தனியாகக் காதில் விழுகிறது.

இதற்கு விலையும் உண்டு. ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். வயலின்கள் நீட்டிப் பிடிக்கிற சுரத்தை பியானோ எதுவும் பிடிக்காது. பழையது இன்னும் மோசம். பிராம்ஸின் மெதுவான பகுதிகளுக்கு நான் எராரைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். அப்புறம் சுருதி. ஒன்றை மட்டும் ட்யூன் செய்தால் போதாது. வேறு வேறு வருடத்து மரமும் கம்பியும் கொண்ட இரண்டு கருவிகள், மணிக்கணக்கில் நீளும் பதிவு முழுக்க விலகாமல் நிற்க வேண்டும். சுருதி வைக்க அளவுகோலான 'ஏ' சுரத்துக்கு பிரான்ஸ் 1859இல் சட்டம் போட்டு நிர்ணயித்த, நொடிக்கு 435 அதிர்வுக்குப் பழகிய கருவியை இன்றைய 440க்கு இழுப்பதா என்ற யோசனை வேறு. ட்யூனர் பெயரை இசைத்தட்டு உறையில் பெரிய எழுத்தில் போட்டாலும் தகும்.

இரு-பியானோ பதிவு எதையாவது கேட்பதாக இருந்தால் ஹெட்போனில் கேளுங்கள். இடது காதில் ஒரு பியானோ, வலது காதில் ஒன்று. ராவலின் வால்ட்ஸ் இங்கிருந்து அங்கே கைமாறுவது அப்போதுதான் தெரியும். வணக்கம்.