ஊசி தாயோடு நின்றுவிடும், சர்க்கரை நிற்காது

(தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பகுதியில் நடந்த சமுதாய வளைகாப்பில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

இரண்டு கைகளிலும் வளையல் குலுங்க அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் நிற்கும் அம்மாக்களே, மாமியார்களே, வணக்கம்.

அண்மையில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி என்னிடம் வந்தாள். சாப்பாட்டை மாற்றிப் பார்த்தும் சர்க்கரை இறங்கவில்லை. இன்சுலின் எழுதினேன். கூட வந்த மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊசி மருந்து பிள்ளைக்குப் போய்விடுமே அம்மா, வேண்டாம்" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்தப் பெரியவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்ல வந்திருக்கிறேன்.

தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நஞ்சுக்கொடி இருக்கிறது. தாயின் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் அதைத் தாண்டி எளிதாக அந்தப் பக்கம் போய்விடும். இன்சுலின் அப்படிப் போகாது. உங்கள் கணையம் சுரந்ததானாலும், ஊசியில் ஏற்றியதானாலும் உங்கள் பக்கத்திலேயே நின்றுவிடும். அப்படியானால் அங்கே போய்ச் சேர்ந்த சர்க்கரையை யார் சமாளிப்பது? பிள்ளைதான். மூன்றாம் மாத வாக்கிலேயே அதன் சின்னக் கணையம் இன்சுலின் சுரக்கத் தொடங்குகிறது. நாள்தோறும் சர்க்கரை அளவுக்கு மீறி வந்துகொண்டே இருந்தால், அந்தக் கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் பெருகி, மேலும் மேலும் சுரக்கின்றன. நீங்கள் போட மறுத்த ஊசியின் வேலையை வயிற்றிலிருக்கும் பிள்ளை செய்கிறது, தாய்மார்களே. டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களிலேயே இதை விளக்கிவிட்டார்.

பெரியவர்களுக்கு இன்சுலின் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து. கருவிலோ அதுவே வளர்ச்சிக்கான உரம். மிஞ்சிய சர்க்கரை கொழுப்பாகித் தோளிலும் வயிற்றிலும் படிகிறது. ஈரலும் இதயத்தின் சுவரும் தடிக்கின்றன. தலை மட்டும் அந்த அளவுக்குப் பெருப்பதில்லை. அதனால்தான் பிரசவத்தில் தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்கிறது. நுரையீரல் பக்குவப்படுவதும் தாமதமாகலாம். மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைகூட மூச்சுக்குத் திணறலாம்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு பிள்ளை 4 கிலோ 300 கிராம் எடையில் பிறந்தது. தராசைப் பார்த்த பாட்டி வார்டு முழுக்க இனிப்பு கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டரை கிலோகூட இல்லாத பிள்ளைகளைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் காப்பாற்றிய தலைமுறை அது. கொழுகொழுவென்று ஒரு பேரன் வந்தால் கொண்டாடாமல் என்ன செய்வார்? ஆனால் ஒரு மணி நேரத்தில் அந்தப் பிள்ளையின் கை கால் நடுங்கியது, பிறகு துவண்டது. குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை வெறும் 28, ஆபத்தான இறக்கம். தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிட்டது. அத்தனை மாதம் பழகிய கணையமோ சுரப்பதை நிறுத்தவில்லை. உடனே குளுக்கோஸ் ஏற்றினோம், பிழைத்துக்கொண்டது. அந்தத் தாய்க்குக் கர்ப்பத்தில் ஒருமுறைகூடச் சர்க்கரை பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இன்றும் அந்த 28 என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"எனக்குச் சர்க்கரையே இருந்ததில்லையே" என்று கேட்பீர்கள். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தமாக்குகின்றன. அதை ஈடுகட்ட உங்கள் கணையம் கூடுதலாகச் சுரக்க வேண்டும். முடியாதவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. இதில் யார் மேலும் பழி இல்லை. மருமகளை "கண்டதைத் தின்றாள்" என்று ஏசாதீர்கள்.

கண்டுபிடிப்பது எளிது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. மலைக்கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் கர்ப்பிணியிடம் பட்டினியாக வா என்று சொல்வது எவ்வளவு கொடுமை! அந்தக் கொடுமையைத் தவிர்த்த இந்த முறைக்காகச் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவை நன்றியோடு நினைக்கிறேன். முதல் வருகையில் ஒருமுறை, சரியாக இருந்தாலும் ஆறாம் மாத வாக்கில் மறுமுறை பார்க்க வேண்டும்.

நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: களி தின்றால் சர்க்கரை ஏறாது. ஏறும். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம், நல்ல தானியம்தான். ஆனால் 100 கிராம் மாவில் கிட்டத்தட்ட 70 கிராம் மாவுச்சத்து, அரிசியைப் போலவே. உருண்டையைச் சிறிதாக்குங்கள், கீரைக் கடைசலையும் மொச்சைக் குழம்பையும் அதிகமாக்குங்கள். கூழாகக் கரைத்து மடமடவென்று குடித்தால் சர்க்கரை இன்னும் வேகமாக ஏறும். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்து உறவினர் கூடை கூடையாகக் கொண்டுவருவார்கள். சாறு வேண்டாம். ஒரு துண்டு போதும், அதுவும் சர்க்கரை கட்டுக்குள் இருந்தால். பலருக்குச் சாப்பாட்டு மாற்றமும் நடையுமே போதும். மற்றவர்களுக்கு மருத்துவர் மருந்து சொன்னால் மறுக்காதீர்கள்.

பிரசவம் ஆனதும் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடுங்கள். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைக்க வேண்டாம். பிள்ளையின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்க்கும்போது "பச்சைப் பிள்ளையைக் குத்தாதீர்கள்" என்று செவிலியரிடம் சண்டை போடாதீர்கள். பிள்ளைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட வரும் அன்றைக்கே தாய்க்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிரசவத்தோடு சர்க்கரை இறங்கிவிட்டாலும் பின்னாளில் திரும்ப வரக்கூடும். அந்தப் பரிசோதனையை இன்றே மாமியார்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு அப்போது தன் நினைவே இருக்காது.