பழைய டாலர் நோட்டு கையில இருக்கா? விலை பேசுறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

வணக்கம் மக்களே, இன்னைக்கு பழைய அமெரிக்க நோட்டு பத்தி பேசலாம், பழசா இருந்தா விலை எகிறிடும்னு நிறைய பேரு நெனச்சுட்டு இருக்கீங்க, அப்படிலாம் இல்லைங்க. 1957 சீரீஸ் ஒரு டாலர் சில்வர் சர்டிபிகேட், அதாவது ஒரு காலத்துல குடுத்தா பதிலுக்கு வெள்ளி வாங்கிக்கலாம்னு இருந்த நோட்டு, நீல கலர்ல அரசாங்க சீல் இருக்கும், அத கோடிக்கணக்குல அடிச்சு விட்டாங்க, கசங்குன நோட்டுன்னா ஒரு டாலருக்கு மேல ஏதோ கொஞ்சம்தான் தருவாங்க.

இப்ப இதப் பாருங்க, கேமரா கிட்ட கொண்டு வரேன். 1896 எஜுகேஷனல் சீரீஸ், ஒரு டாலர். இப்போ இருக்குற டாலர விட சைஸே பெருசு, 1929லதான் நோட்ட சின்னதாக்குனாங்க. ஒரு அம்மா ஒரு பையனுக்கு கைய நீட்டி காட்டி வரலாறு சொல்லிக் குடுக்குறாங்க, தூரத்துல வாஷிங்டன் நினைவுத் தூண், அமெரிக்க நாடாளுமன்றம் இருக்குற கேப்பிடல் கட்டடம், வலது பக்கம் அமெரிக்க அரசியல் சாசனம், சுத்தி பார்டர்ல புகழ்பெற்ற அமெரிக்கர்கள் 23 பேரோட பேரு. வில் லோன்னு ஒரு ஓவியர் டிசைன் பண்ணது. திருப்புனா ஜார்ஜ் வாஷிங்டனும் அவர் மனைவி மார்த்தாவும். எவ்ளோ தடவ பாத்தாலும் எனக்கு சலிக்கல!

சரி விலை. பின்னாடி டார்ச் அடிக்கிறேன் பாருங்க, இந்த மூலைல குட்டியா வெளிச்சம் வருதுல்ல, அது குண்டூசி ஓட்டை, அப்போலாம் நோட்ட சேத்து குத்தி வெப்பாங்க. நடுவுல ஒரு மடிப்பு. இதெல்லாம்தான் ரேட்ட இறக்கும். பிஎம்ஜி மாதிரி கிரேடிங் கம்பெனிங்க நோட்டோட கண்டிஷன பாத்து 70 வரைக்கும் மார்க் போடுவாங்க, இந்த டிசைன்ல நல்லா பொழங்குன நோட்டே சில நூறு டாலர் போகும், புத்தம் புதுசா இருந்தா ஆயிரக்கணக்குல.

தயவுசெஞ்சு ஒன்னு மட்டும் கேளுங்க, நோட்ட கழுவாதீங்க, அயர்ன் பண்ணாதீங்க. இங்க் பேப்பர் மேல லேசா மேடா நிக்கும், விரல் வெச்சா தெரியும், அயர்ன் பண்ணா அது அமுங்கிடும், கிரேடிங்ல கண்டுபுடிச்சிடுவாங்க, பேப்பர் ஒரிஜினலா இருக்குன்னு குடுக்குற ஈபிக்யூ முத்திரை கிடைக்கவே கிடைக்காது.

இதுல உச்சம் எதுன்னா 1890 சீரீஸ் ஆயிரம் டாலர் நோட்டு, பின்னாடி இருக்குற சைபர்லாம் தர்பூசணி மாதிரி பச்சையா உருண்டையா இருக்கறதால கிராண்ட் வாட்டர்மெலன்னு பேரு, அதுல ஒன்னு 2014 ஜனவரில ஹெரிடேஜ்ங்கற ஏலக் கம்பெனில 32,90,000 டாலருக்கு போச்சு! பேங்க்ல குடுத்தா இப்பவும் சட்டப்படி ஆயிரம் டாலர்தான். மிஞ்சி இருக்கறது விரல் விட்டு எண்ணுற அளவுதான், வேணும்னு அலையறவங்க ஜாஸ்தி, அதான் அந்த ரேட்டு.

உங்ககிட்ட ஏதாச்சும் இருந்தா மொதல்ல வருஷம், சீல் கலர், சீரியல் நம்பர்ல ஸ்டார் (அச்சுல கெட்டுப்போன நோட்டுக்கு பதிலா அடிச்சதுக்கு போடுற நட்சத்திரக் குறி) இருக்கான்னு பாத்து எழுதி வெச்சுக்கோங்க, அதே நோட்டு அதே கண்டிஷன்ல ஏலத்துல என்ன ரேட்டுக்கு வித்துருக்குன்னு தேடுங்க, விக்கிறவன் கேக்குற ரேட்ட நம்பாதீங்க. பிவிசி கவர் வேணாம், மைலார்னு சொல்ற பாலியஸ்டர் கவர்ல போடுங்க. லேமினேட் மட்டும் பண்ணவே பண்ணாதீங்க!