பழைய கள், புதிய மொந்தை
(மயிலாடுதுறை ரயில் பயணிகள் கூட்டத்தில் பேசியது)

அவைத்தலைவர் அவர்களே, என்னை 'ரயில் பைத்தியம்' என்று சரியாகவே அறிமுகம் செய்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, இந்த வெயிலிலும் சால்வை போர்த்திய வர்த்தகப் பெருமக்களே, டியூட்டிக்கு நடுவே வந்திருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். மூன்று விஷயம் பேச வந்தேன்: கம்பெனி கைமாறிய கதை, குத்தகைக் கணக்கு, தொழிலாளர் நிலை.

நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு ரயில் விட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி. 1874-ல் அது கர்நாடிக் ரயில்வேயோடு சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே, சுருக்கமாக எஸ்.ஐ.ஆர்., ஆனது. 1890-ல் அரசாங்கம் அதை விலைக்கு வாங்கியது. வாங்கியவர்கள் தாங்களே ஓட்டினார்களா? இல்லை! லண்டனில் அதே பெயரில் புதிதாக ஒரு கம்பெனி. ஓட்டுகிற பொறுப்பு அதன் கையில். பாதை சர்க்காருக்கு, லாபத்தில் பங்கு கம்பெனிக்கு. பழைய கள், புதிய மொந்தை!

நம் தஞ்சாவூர் ஜில்லா போர்டு என்ன செய்தது? நிலவரியோடு ரயிலுக்கென்று செஸ் என்ற கூடுதல் வரி வசூலித்து, 1894-ல் மாயவரம்–முத்துப்பேட்டை பாதையைத் திறந்தது. பாதை போர்டுக்குச் சொந்தம், வண்டி ஓட்டியது எஸ்.ஐ.ஆர்.

எங்கள் அப்பாயி கதை ஒன்று. பேரளத்தில் முறுக்குத் தூக்கோடு ஓடி வருகிறாள், வண்டி கிளம்பப் பச்சைக் கொடி காட்டியாயிற்று. "நில்லுடா தம்பி!" என்று ஒரு சத்தம். கார்டு, "பாட்டி, இது என்ன உங்க வீட்டு வண்டியா?" என்றார். அப்பாயி நின்று, மூச்சு வாங்கி, தூக்கைக் கீழே வைத்து, முந்தானையால் முகம் துடைத்து, "எங்க மாமனார் நிலத்துக்கு வேலிக்கு வேலி செஸ் கட்டினாருடா. இருப்புப்பாதையிலே அரைச் சாண் எங்களுது. அதிலே நிக்கச் சொல்றேன், நில்லு!" என்றாளாம். வண்டி நின்றது. கார்டுக்கு நாலு முறுக்கு. திருத்துறைப்பூண்டி வரை அந்தப் பெட்டி முழுக்க இதே பேச்சுதானாம். (கைதட்டல்)

1944-ல் எஸ்.ஐ.ஆர். நிர்வாகம் அரசாங்கத்திடம் வந்தது. 1951-ல் தெற்கு ரயில்வே. மறுபடியும் பழைய கள், புதிய மொந்தை. ஆனால் 1926-ல் திறந்த மயிலாடுதுறை–தரங்கம்பாடி பாதையை 1986-ல் மூடினார்கள். கள்ளையும் கொட்டி, மொந்தையையும் உடைத்தாயிற்று! பேரளம்–காரைக்காலுக்குத் தண்டவாளம் மறுபடி வந்துவிட்டதே, தரங்கம்பாடிப் பாதையில் இருந்த செம்பனார்கோயிலும் திருக்கடையூரும் பொறையாரும் என்ன பாவம் செய்தன?

தலைவர் மணியைக் காட்டுகிறார். குத்தகைக் கணக்கும் தொழிலாளர் நிலையும் இன்னொரு நாள். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவை நூல் போட்டுக் கட்டியிருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.