ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காணாமல் போகும் டேட்டா

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் சித்தி தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். எழுபது வயது தாண்டிவிட்டது. பிள்ளைகளோடு பேசவும், வாட்ஸ்அப்பில் வரும் பேரன் படத்தைப் பார்க்கவும் ஒரு போன். ரீசார்ஜ் கடையில் போட்டுவிட்டது தினம் ஒன்றரை ஜிபி, 28 நாள் பேக்.

பேரன் லீவுக்கு வந்தவன் சும்மா போயிருக்கலாம். "ஆச்சி, மிச்சம் இருக்கிற டேட்டா ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். சித்திக்குத் தூக்கம் போச்சு! மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் சாப்பிடுகிற மனுஷி இல்லையா? பொழுது சாய்ந்ததும் தெருப் பையன்களைக் கூப்பிடுவார். "ஏலே, வாங்கலே, ஒரு ஜிபி கிடக்கு, வீணாப் போவுதுல்லா!" திண்ணையில் ஹாட்ஸ்பாட். நாலு பையன்கள், பத்து மணி வரை கிரிக்கெட். பரீட்சை வந்ததும் அவர்களுடைய அம்மாமார் சித்தியோடு சண்டைக்கு வந்துவிட்டார்கள். நான் போனபோது பஞ்சாயத்து என் தலையில்.

அப்போதுதான் சித்தி கேட்டார்: "மிச்சத்துக்குக் காசு தரமாட்டானாய்யா?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் கூகுள் 2015இல் 'பிராஜெக்ட் ஃபை' என்று ஒரு சேவை தொடங்கியபோது அதையேதான் செய்தது. ஒரு ஜிபிக்குப் பத்து டாலர். மூன்று ஜிபிக்குப் பணம் கட்டி 1.4 ஜிபி மட்டும் ஓட்டினால், மிச்சத்துக்கான 16 டாலர் கணக்கில் திரும்ப வரும். கையில் ரொக்கமாக இல்லை, அடுத்த பில்லில் கழிவாக. ஆக, சித்தி கேட்டது கிறுக்குத்தனம் இல்லை.

நம் ஊரில் அப்படி இல்லை. சில போஸ்ட்பெய்டு திட்டங்களில் மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும். ப்ரீபெய்டில் பெரும்பாலும் பன்னிரண்டு அடித்தால் போச்சு. ஒன்றரையை 28ஆல் பெருக்குங்கள், 42 ஜிபி. சித்தி தினம் கால் ஜிபி பார்த்தால் 7 ஜிபி. மிச்சம் 35!

கம்பெனிக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. டேட்டா தொட்டித் தண்ணீர் இல்லை, சேர்த்துவைக்க முடியாது. காலியாகப் போன பஸ் சீட்டை மறுநாள் விற்க முடியுமா என்பார்கள். சரி, பஸ் என்றே வைத்துக்கொள்வோம். செங்கோட்டைக்குப் போகிறவளிடம் கொல்லத்துக்கு ஏன் டிக்கெட் கிழிக்கிறாய்? என் கேள்வி அதுதான். கரண்ட்டுக்கு மீட்டர் இருக்கிறது. இந்த மாதம் ஃபேன் போடவில்லையென்றால் அந்த யூனிட்டுக்குக் காசு இல்லை. இதை எங்கே போனாலும் சொல்கிறேன், வீட்டில் எல்லாருக்கும் சலித்துவிட்டது.

அந்த 28 நாள் சமாச்சாரமும் அப்படித்தான். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம், ரீசார்ஜ் பதின்மூன்று தடவை! போன் கம்பெனிகளுக்கு விதி போடுகிற ஆணையமான டிராய் 2022 ஜனவரியில், 30 நாள் பேக் ஒன்றாவது வைத்தே ஆகவேண்டும் என்றது. 2024 டிசம்பரில் இன்னொன்று: டேட்டாவே இல்லாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக்கும் இருக்கவேண்டும், அதை 365 நாள் வரை தரலாம். கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார். வாய்விட்டுக் கேட்கவேண்டும். தினக்கணக்கு இல்லாமல் மொத்தமாக இத்தனை ஜிபி என்று வருகிற பேக்கும் உண்டு, அதையும் கேளுங்கள்.

நேரம் ஆச்சு என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். புகார் செய்வதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன்... 198க்கு அடித்து, புகார் எண்ணைக் குறித்துவையுங்கள், அவ்வளவுதான். ஆங், நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றினால் மிச்ச பேலன்ஸ் கூட வராது. பேக் முடிகிற சமயத்தில் மாற்றுங்கள்.

வணக்கம்.