நடுவுல 12 அங்குலத்தை அறுத்துப் போட்டா விலை ஏறுற பிக்கப்! செவர்லே சி10 நீளப் பெட் டூ குட்டைப் பெட்

[திரையில்: கிரைண்டர் பொறி பறக்குது. சேசிஸ் ரெண்டா பிரியுது.]

நல்லா ஓடிக்கிட்டிருக்கிற பிக்கப். அதோட சேசிஸை நடுவுல அறுத்து 12 அங்குலத் துண்டு ஒண்ணைக் கழட்டிப் போடுறாங்க. பின்பக்கத்துல இன்னொரு 8 அங்குலம் போகுது. ஆக 20 அங்குல இரும்பு காயலான் கடைக்கு. ஆனா வேலை ஒழுங்கா முடிஞ்சிருந்தா, வெட்டுறதுக்கு முன்னால கேட்ட விலையைவிட இப்போ கூடுதலா கேட்கலாம். குறைச்சுக் கொடுத்து அதிகமா வாங்குறது நம்ம ஊர் பிஸ்கட் பாக்கெட்டுக்கு மட்டும்தான் நடக்கும்னு நினைச்சீங்களா?

வண்டி, 1967-லிருந்து 1972 வரைக்கும் அமெரிக்காவுல வந்த செவர்லே சி10. ‘சி’ன்னா ரெண்டு சக்கர டிரைவ், ‘கே’ன்னா நாலு சக்கர டிரைவ், 10ன்னா அரை டன் வகை. வரலாறு இவ்வளவு போதும், வாங்க சேசிஸுக்குள்ள போவோம்.

இந்த வண்டி ரெண்டு நீளத்துல வந்துச்சு. பெட்னா பின்னால சாமான் ஏத்துற தொட்டி. நீளப் பெட் பேருக்கு 8 அடி, அளந்தா 98 அங்குலம்; முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல 127 அங்குலம். குட்டைப் பெட் ஆறரை அடி, அதாவது 78 அங்குலம்; அச்சு இடைவெளி 115 அங்குலம். விவசாயத்துக்கும் கட்டட வேலைக்கும் வாங்கினவங்க நீளத்தைத்தான் வாங்கினாங்க, அதனால இன்னைக்கும் தோட்டத்துக் கொட்டகையில கிடைக்கிறது பெரும்பாலும் நீளம்தான். அழகுக்குத் தேடுறவங்க எல்லாருக்கும் வேண்டியது குட்டை. விலை வித்தியாசத்துக்குக் காரணம் இவ்வளவுதான்.

இப்போ கணக்கைப் பாருங்க. அச்சு இடைவெளியில வித்தியாசம் 12 அங்குலம். ஆனா பெட்டுல வித்தியாசம் 20 அங்குலம். மீதி 8 எங்கே? பின் சக்கரத்துக்குப் பின்னால. பேண்ட்டை ஆல்டர் பண்ற மாதிரி நுனியில மட்டும் 20 அங்குலத்தை வெட்டி மடிச்சுட முடியாது. அப்படி வெட்டினா பின் சக்கரம் பெட்டோட வால்ல போய் நிக்கும், சக்கர வளைவும் டயரும் ஒண்ணை ஒண்ணு பார்க்கவே பார்க்காது. நடுவுல 12, பின்னால 8. இந்த வீடியோவுல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வைப்பீங்கன்னா இதை வைங்க.

[திரையில்: பின் சஸ்பென்ஷன், கீழிருந்து]

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் நிதானமா பார்ப்போம். பிக்கப்னா பின்னால லீஃப் ஸ்பிரிங் இருக்கும்னுதானே நினைப்பீங்க? சி10ல ரெண்டு நீள ஆர்ம், அதாவது இரும்புக் கை, அது மேல காயில் ஸ்பிரிங். ஆர்மோட பின்முனை பின் ஆக்ஸில்ல பிடிச்சிருக்கும். முன்முனை வண்டி நடுவுல இருக்கிற ஒரு தடிச்ச குறுக்குச்சட்டத்துல மாட்டியிருக்கும். காலி வண்டியில போனா கார் மாதிரி மெத்துனு போகணும்னு செவர்லே 1960-லயே கொண்டு வந்த அமைப்பு இது. சரி, இதை வேற எங்கே பார்த்திருக்கீங்க? அமெரிக்காவோட நாஸ்கார் ரேஸ் கார்ல! ஆமா, ஓவல் டிராக்குல 200 மைல் வேகத்தைத் தொடுற அந்தக் கார்கள்ல. அமைப்போட பேரே ‘டிரக் ஆர்ம்’தான். இந்த பிக்கப் வகையறாவிலிருந்து எடுத்த அமைப்பை நாஸ்காரோட உச்சப் பிரிவுல 2021 வரைக்கும் வச்சிருந்தாங்க. 2022-ல புதுக் கார் வந்தப்பதான் விட்டாங்க. வைக்கோல் ஏத்தின வண்டியோட கை, அரை நூற்றாண்டா ரேஸ் ஜெயிச்சிருக்கு. இதுக்கு ஒரு லைக் கூட போடலன்னா எப்படிங்க?

இதைச் சும்மா பெருமைக்குச் சொல்லலை. எங்கே வெட்டணும்னு முடிவு பண்றதே இந்த ஆர்ம்தான். குறுக்குச்சட்டத்துக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம் ஆர்மோட நீளம், அது மாறக்கூடாது. அதனால நடு வெட்டு அந்தக் குறுக்குச்சட்டத்துக்கு முன்னால, கியர்பாக்ஸைத் தாங்குற சட்டத்துக்குப் பின்னால, ஃபிரேம், அதாவது சேசிஸோட நீளச் சட்டம், நேரா ஓடுற பகுதியில விழணும். கேபின் மவுண்ட் எதுவும் வெட்டுக்குள்ள சிக்கக்கூடாது. இந்த இடம் கேபின் அடியிலயே வர்றதால, கேபினைக் கழட்டாம செய்யறவங்களுக்கு மேல் விளிம்பு வெல்டிங்குக்குக் கை போகாது. கை போகாத இடத்துல போட்ட வெல்டை நம்பி ரோட்டுல போகாதீங்க. கேபினைத் தூக்கிடுங்க, அதான் என் கட்சி.

இன்னொரு ஆபத்து, இதைப் பலர் மறக்கறாங்க. 1972 வரைக்கும் இந்த வண்டியில பெட்ரோல் டேங்க் எங்கே இருந்துச்சு தெரியுமா? கேபினுக்குள்ள, சீட்டுக்குப் பின்னால! சாய்ஞ்சு உட்கார்ந்தா முதுகுக்குப் பின்னால ஒரு டேங்க் பெட்ரோல். நீங்க கிரைண்டர் பிடிக்கப் போற இடம் அதுக்கு நேர் கீழே. அதனால முதல் வேலை டேங்கைக் காலி பண்ணிக் கழட்டி வேற இடத்துல வைக்கிறது. காலி டேங்க்தானேன்னு விட்டுடாதீங்க, உள்ளே இருக்கிற ஆவிதான் வெடிக்கும். அப்புறம் பேட்டரியோட ரெண்டு ஒயரையும் எடுங்க, ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழட்டுங்க.

[திரையில்: சாக்பீஸ் கோடு, சென்டர் பஞ்ச்]

இப்போ வெட்டு. தரை மட்டமா இருக்கணும். ஃபிரேமை ஸ்டாண்டு மேல வச்சு, நாலு மூலையிலயும் லெவல் பாருங்க. குறுக்கும் மறுக்குமா மூலைவிட்டம் அளந்து எழுதி வைங்க. வெட்டுறதுக்கு முன்னாலயே ஃபிரேம் கோணலா இருந்தா அது உங்களுக்கு இப்பவே தெரியணும், வெல்டிங் முடிஞ்சப்புறம் தெரிஞ்சு பிரயோஜனமில்லை.

அடுத்தது சின்ன வேலை, ஆனா உயிரே இதுல இருக்கு. ரெண்டு பக்கச் சட்டத்துலயும், வெட்டு வரப்போற இடத்துக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு சென்டர் பஞ்சால புள்ளி குத்துங்க. ரெண்டு புள்ளிக்கும் நடுவுல சரியா 20 அங்குலம் இருக்கட்டும். 12 அங்குலத்தை எடுத்து ஒட்டினப்புறம் அதே புள்ளிகளுக்கு நடுவுல 8 அங்குலம் வரணும். இடது பக்கம் 8, வலது பக்கம் எட்டேகால்னு வந்துச்சுன்னா பின் ஆக்ஸில் கோணலா உட்காரும். வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமா நடக்கும், எந்த அலைன்மென்ட் கடையாலயும் அதைச் சரி பண்ண முடியாது. ரெண்டு பக்கமும் 3 மில்லிமீட்டருக்குள்ள ஒத்துப் போகணும்.

நேரா செங்குத்தா வெட்டலாமா? வெட்டலாம், பலர் வெட்டறாங்க, எனக்குப் பிடிக்காது. சட்டத்தோட மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் வளையுற பாரத்தை அதிகமா தாங்குது. ஒரே நேர்கோட்டுல மேலிருந்து கீழ் வரைக்கும் வெல்டிங் இருந்தா, விரிசல் ஆரம்பிச்சா நிக்காம முழுசா ஓடிடும். அதுக்குப் படி வெட்டு போடுங்க: மேல் பாதி ஒரு இடத்துல, கீழ் பாதி சில அங்குலம் தள்ளி, நடுவுல படுக்கைவாட்டுல ஒரு கோடு. அட்டையில மாதிரி வெட்டி, அதே அட்டையைத் திருப்பி அடுத்த பக்கத்துக்கு வைங்க, அப்போதான் ரெண்டும் ஒத்திருக்கும்.

பின்பகுதியைச் சக்கரத்தோடயே உருட்டி முன்னால கொண்டு வாங்க. விளிம்புகளைச் சாய்வா சீவிட்டு, ஒண்ணரையிலிருந்து ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு டாக் வைங்க, அதாவது அங்கங்க பொட்டு வெல்டிங். திரும்ப அளங்க. மூலைவிட்டமும் திரும்ப. அப்புறம்தான் முழு வெல்டிங். ஒரே பக்கத்தை ஒரேயடியா ஓட்டிடாதீங்க, ஆறும்போது இரும்பு சுருங்கி அந்தப் பக்கத்தை இழுக்கும். இடது கொஞ்சம், வலது கொஞ்சம், மேல கொஞ்சம், கீழ கொஞ்சம்னு மாத்தி மாத்திப் போகணும்.

உள்பக்கம் வலுவுக்குப் பிளேட் வைப்பாங்க. ஃபிரேம் எவ்வளவு தடிமனோ அதே தடிமன் போதும். அரை அங்குலப் பிளேட்டை வச்சா பலம்னு நினைக்கறது தப்பு. அவ்வளவு விறைப்பா ஒரு துண்டு நடுவுல இருந்தா, வளையுற வேலையெல்லாம் பிளேட் முடியுற இடத்துல போய்க் குவியும், ஃபிரேம் அங்கேதான் உடையும். அதே காரணத்துக்குப் பிளேட்டோட முனையைச் சதுரமா விடாம கூர்மையா, டைமண்ட் மாதிரி சீவுங்க. முனையில செங்குத்தா வெல்டிங் கோடு இழுக்காதீங்க. பிளேட்டுக்குள்ள துளை போட்டு அதை நிரப்புற பிளக் வெல்டிங் நல்லது. வெல்டிங்கே வராதவங்க இதுல கத்துக்காதீங்க. கத்துக்க பழைய கேட் கிடைக்கும்.

பின்னால போகிற 8 அங்குலம் சுலபம். கடைசிக் குறுக்குச்சட்டத்தோட ரிவெட் தலையைத் தேய்ச்சு, நடுவுல டிரில் போட்டுத் தட்டி எடுங்க. அந்தக் குறுக்குச்சட்டத்தை 8 அங்குலம் முன்னால தள்ளி, அதிக வலுவான கிரேடு 8 போல்ட்டுல இறுக்குங்க. நுனியை வெட்டுங்க. பம்பர் பிராக்கெட் துளையைப் புதுசா போடுங்க. முடிஞ்சுது.

இப்போ சேசிஸ் குட்டையாச்சு, ஆனா அது மேல ஓடுற எல்லாமே இன்னும் நீளம்! கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலைச் சுத்த வைக்கிற தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட். நீள வண்டியில பெரும்பாலும் அது ரெண்டு துண்டு, நடுவுல சென்டர் பேரிங். முன் துண்டைக் குறைக்கலாம், இல்ல ஒரே துண்டுக்குப் போகலாம். எதுவானாலும் வண்டியோட பாரம் சக்கரத்துல இருக்கும்போது அளக்கணும், ஜாக்கியில தொங்கும்போது இல்ல. கியர்பாக்ஸுக்குள்ள போற யோக் முழுசா உள்ளே போனப்புறம் ஒரு அங்குலம் வெளியே இழுத்த நிலையில அளவெடுத்துக் கொடுங்க. கட் பண்ணின ஷாஃப்ட்டை பேலன்ஸ் பண்ணாம மாட்டாதீங்க. ஹேண்ட் பிரேக் கேபிளும் நீளமா தொங்கும். பிரேக் பைப்பைச் சுருட்டி வைக்காம புதுசா வளைச்சுப் போடுங்க. டெயில் லைட் ஒயரை வெட்டவே வேண்டாம், மடிச்சுக் கட்டினா போதும்.

பெட்? பக்கத் தகடை நீங்களே 12, 8னு வெட்டி ஒட்டலாம். ஆனா அவ்வளவு பெரிய மெல்லிய தகடு சூட்டுல அலை அலையா வளையும், அப்புறம் கிலோ கணக்குல பட்டி பூசணும். குட்டைப் பெட்டுக்கான பக்கத் தகடு புதுசாவே கிடைக்குது, வாங்கிடுங்க. உங்க பழைய டெயில்கேட்டும் முன் தகடும் அப்படியே சேரும், அகலம் ஒண்ணுதான். தரை மரப் பலகையா இருந்தா நீளத்தைக் குறைச்சுக்கலாம், இரும்புப் பட்டையில துளை மட்டும் புது இடத்துக்குப் போகும்.

துரு பத்தி ஒரே வரி சொல்றேன்: கண்ணாடிக்கு முன்னால இருக்கிற காத்து வழியில விழுற இலைதான் எமன், அது கீழே போய் ஈரத்தோட தங்கி உள் தகட்டை அரிக்கும், ஃபெண்டரைக் கழட்டாம வெளியே தெரியாது.

தாழ்த்தறவங்களுக்கு மட்டும் கொஞ்சம். ‘நாலு ஆறு’ன்னு சொல்வாங்க, முன்னால 4 அங்குலம், பின்னால 6. பின்னால 6 இறக்கினா ஆக்ஸில் ஃபிரேம்ல இடிக்கும், அதனால அந்த இடத்துல ஃபிரேமை ‘சி’ வடிவுல குடைஞ்சு வலு சேர்க்கணும். அப்புறம் எல்லாரும் மறக்கிற பான்ஹார்டு பார். ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம பிடிச்சிருக்கிற தடி அது. வண்டி இறங்கினா அதோட சாய்வு மாறி ஆக்ஸிலையே ஒரு பக்கமா தள்ளிடும். ஒரு பக்கம் டயர் உள்ளே, மறுபக்கம் வெளியே நிக்கிற சி10 படம் பார்த்தீங்கன்னா காரணம் இதுதான். நீளம் மாத்தக்கூடிய பார் போட்டு, வண்டி நிக்கிற உயரத்துல அது படுக்கைவாட்டுல இருக்கிற மாதிரி வைங்க.

பிரேக்: 1971-லதான் முன்னால டிஸ்க் வந்துச்சு. அதுக்கு முந்தின வண்டின்னா 1973-லிருந்து 87 வரைக்குமான சி10ஓட முன் சஸ்பென்ஷனைக் குறுக்குச்சட்டத்தோட மாத்தறது பிரபலமான வழி. ஆனா பழசுக்கு 6 போல்ட் சக்கரம், புதுசுக்கு 5. பின்னாலயும் மாத்தலன்னா ரெண்டு ஸ்டெப்னி தூக்கிக்கிட்டு அலையணும். ஜெனரல் மோட்டார்ஸோட புது தலைமுறை வி8 ஆன எல்எஸ் இன்ஜின் போடறவங்க ஒண்ணு கவனிங்க, அதுக்கு 58 பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தம் வேணும், கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸ் தாங்காது. மீதி தனி வீடியோ, கமெண்ட்டுல கேளுங்க.

வாங்கப் போறவங்களுக்கு: குளவ் பாக்ஸ் கதவு உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், தொழிற்சாலையில ஒட்டினது. அதுல அச்சு இடைவெளி அச்சடிச்சிருக்கும். 127ன்னு இருந்து, வெளியே குட்டைப் பெட் நின்னா, வண்டியை வெட்டியிருக்காங்க. வெட்டினது தப்பில்ல, மறைக்கிறதுதான் தப்பு. ஸ்டிக்கர் பிச்சிருந்தா கீழே படுத்து, ஆர்ம் மாட்டியிருக்கிற குறுக்குச்சட்டத்துக்கு முன்னால ஃபிரேமை டார்ச் அடிச்சுப் பாருங்க. அப்புறம் பேரம் பேசுங்க.

உங்களோடதா இருந்தா, வெல்டிங் மேல தடிமனா கருப்பு பெயிண்ட் அடிக்காதீங்க, மெல்லிய பூச்சு போதும். முதல் 500 மைல் ஓட்டினப்புறம் போல்ட் எல்லாத்தையும் டார்க் ரெஞ்சால திரும்பப் பாருங்க. வெல்டிங் ஓரத்தையும் பிளேட் முனையையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுப் பாருங்க. பெயிண்ட்ல தலைமுடி மாதிரி துருக்கோடு தெரிஞ்சா அது அழுக்கு இல்ல, விரிசல். வண்டியை அங்கேயே நிறுத்துங்க.