ஏழு கன்னி மலையும் டக்ளஸ் விமானங்களும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

என் கையில் ஒரு அலுமினியத் துண்டு இருக்கிறது. வானொலியில் காட்ட முடியாது, அதனால் சொல்கிறேன். உள்ளங்கை அகலம்தான். ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்ட் அங்கங்கே ஒட்டியிருக்கிறது, மறுபக்கம் மங்கிய பச்சை. ஓரத்தில் தகடுகளை இணைக்கும் ஆணிகள், ரிவெட்டுகள், ஐந்து வரிசையாக இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் அவை எங்கே இருக்கின்றன என்றே தெரியாது, அவ்வளவு மட்டமாகத் தகட்டுக்குள் இறங்கியிருக்கின்றன. விளிம்பு மட்டும் துணியைக் கிழித்தது போல் கிழிந்திருக்கிறது.

எங்கள் மாமா இதைத் தேயிலைச் செடியடியிலிருந்து எடுத்து வந்தவர். சாகும்வரை சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். இப்போது என்னிடம் இருக்கிறது.

1974 டிசம்பர் 4, புதன்கிழமை. இரவு பத்து மணி தாண்டியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோரும் படுத்தாயிற்று. மலை சரிந்தது போல ஒரு சத்தம். மண்சரிவு என்று நினைத்து அம்மா எங்களை வாரியெடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஏழு கன்னி மலையில் இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து வந்த விமானம் மோதிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. ஹஜ் யாத்திரை போனவர்கள் 182 பேர், விமானப் பணியாளர்கள் 9 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. மாமாவும் தோட்டத்து ஆட்களும் டோர்ச்சோடு மேலே ஏறினார்கள். அங்கே பார்த்ததைப் பற்றி மாமா வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை.

அது மார்ட்டின்எயர் என்ற டச்சு நிறுவனத்தின் டிசி-8 விமானம். செய்தது அமெரிக்காவின் டக்ளஸ் கம்பெனி. இந்தத் துண்டைச் செய்தவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கு அந்த வயதிலேயே வந்துவிட்டது. விஞ்ஞான ஆசிரியராக இருந்த காலம் முழுக்க அதைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தேன்.

டொனால்ட் டக்ளஸ் பதினாறு வயதில், 1908 இல், ஓர்வில் ரைட் விமானம் ஓட்டியதை நேரில் பார்த்தவர். 1920 இல் கலிபோர்னியாவில் ஒரு சலூனின் பின் அறையில் உட்கார்ந்து தன் சொந்த விமானத்துக்குப் படம் வரைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1924 இல், அவர் கம்பெனி செய்த விமானங்கள்தான் முதன்முதலில் உலகத்தைச் சுற்றி வந்தன. நான்கு கிளம்பின, இரண்டு முழுச் சுற்றையும் முடித்தன. சுற்றிவர 175 நாள் பிடித்தது.

ஆனால் என்னை உண்மையில் பிடித்து உட்கார வைத்தது அதற்குப் பிறகு நடந்தது. 1931 மார்ச் 31 அன்று கன்சாஸ் மாநிலத்தில் ஒரு ஃபொக்கர் விமானம் பறக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த இறக்கை மரத்தால் ஆனது. உள்ளே ஈரம் ஏறி, பலகைகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போயிருந்தது. ஈரம் மரத்தை என்ன செய்யும் என்று மலையகத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் லயத்துக் கதவின் அடிப்பலகையைப் பார்த்தாலே போதும்.

மர இறக்கை மேல் மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. டிடபிள்யூஏ விமான நிறுவனம் 1932 ஓகஸ்ட் மாதம் டக்ளசுக்கு ஒரு கடிதம் எழுதியது: முழுக்க உலோகத்தில், மூன்று எஞ்சினோடு ஒரு விமானம் வேண்டும். எங்கள் பாதையில் உள்ள எந்த விமானத் தளத்திலிருந்தும், ஒரு எஞ்சின் நின்றாலும் முழுப் பாரத்தோடு அது மேலே ஏற வேண்டும்.

டக்ளசின் பொறியியலாளர்கள் மூன்று எஞ்சின் தேவையில்லை, இரண்டே போதும் என்றார்கள். துணிச்சலான வார்த்தை. இரண்டில் ஒன்று நின்றால் பாதிப் பலம் போய்விடுமே! அதை ஈடுகட்ட மெல்லிய அலுமினியத் தோலே பாரம் தாங்கும்படி உடலைக் கட்டினார்கள். சக்கரங்களை மேலே மடக்கி வைத்தார்கள். இறங்கும்போது வேகம் குறைக்க இறக்கையில் மடிப்புத் தட்டுகள் வைத்தார்கள்.

அப்படிச் செய்த விமானத்துக்குப் பெயர் டிசி-1. 1933 ஜூலை 1 அன்று அது முதன்முதலில் பறந்தது. மூக்கைத் தூக்கி ஏறத் தொடங்கியதும் எஞ்சின்கள் இரண்டும் அடங்கின. மூக்கைத் தாழ்த்தினால் திரும்பவும் உறுமின. ஓட்டியவர் அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வட்டமடித்துப் பத்திரமாக இறக்கினார். எஞ்சினுக்குப் பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்ப்ரேட்டரின் மிதவைகளைத் திசை மாற்றிப் பூட்டியிருந்தார்கள், விமானம் ஏறும் சாய்வில் பெற்றோல் அடைபட்டுவிட்டது. சின்னப் பிழைதான்.

அப்புறம் அதே ஆண்டில் விண்ஸ்லோ என்ற ஊரில் கடைசிப் பரீட்சை நடந்தது. அந்த ஊர் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஹட்டனைவிட உயரம். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். நுவரெலியாவில் பருப்பு வேகப் பிடிக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள், அதற்கும் அதுதான் காரணம். மெலிந்த காற்றில் இறக்கைக்குத் தாங்கல் குறைவு, எஞ்சினுக்கும் மூச்சுக் குறைவு. டிசி-1 ஓடி நிலத்தை விட்டு எழும்பும் நேரத்தில் ஒரு எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். மிச்சமிருந்த ஒற்றை எஞ்சினில் அது மேலேறி, மலைகளைத் தாண்டி அல்புகேர்க்கி போய் இறங்கியது. விமானத் தொழிலின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த நாள் இதுதான்.

அந்தக் குடும்பத்தில் வந்ததுதான் டிசி-3. அது 1935 டிசம்பர் 17 அன்று முதலில் பறந்தது. 21 பேர் உட்காரலாம். டிக்கட் காசை மட்டும் வைத்தே லாபம் பார்க்கலாம் என்று விமான நிறுவனங்களுக்கு முதலில் காட்டியது அதுதான். போர் வந்ததும் அதே விமானம் இராணுவச் சரக்கு வண்டியாகிப் பத்தாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டது. போர் முடிந்ததும் அவை மலிவாகக் கிடைத்தன, உலகமெங்கும் புதிய விமான சேவைகள் முளைத்தன. எயார் சிலோனும் அப்படித்தான். 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு முதல் பயணம் போனது ஒரு டிசி-3. அவர்களிடம் இருந்த மூன்று விமானங்களுக்கும் பெயர் இருந்தது: சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி. சீதா எலியக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்த முதல் பெயர் என் ஞாபகத்துக்கு வரும்.

டக்ளஸ் போர் விமானங்களும் செய்தது. ஒன்றை மட்டும் சொல்கிறேன், அது நம் கதையோடு தொடர்புள்ளது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானங்கள் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்தன. இரண்டு மாதம் கழித்து, பசிபிக் கடலில் நடந்த மிட்வே சண்டையில் அவற்றில் மூன்று, அகாகி, சோரியு, ஹிர்யு, அழிந்தன. அழித்தவை டக்ளஸ் டோண்ட்லஸ் குண்டுவீச்சு விமானங்கள். செங்குத்தாகப் பாய்ந்து இறங்கும்போது வேகத்தைப் பிடித்து நிறுத்த இறக்கையில் ஒரு தடுப்பு இருக்கும். அந்தத் தடுப்பு விரிந்தால் காற்று குழம்பி வாலை உதறியது. தடுப்பு முழுக்க வட்டமாக ஓட்டை போட்டார்கள், உதறல் அடங்கியது. தேயிலை பெக்டரியில் தூள் சலிக்கும் சல்லடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே தோற்றம்தான்.

சரி, நம் டிசி-8 க்கு வருவோம். ஜெட் காலம் வந்தபோது டக்ளஸ் தாமதித்துவிட்டது. போயிங் முந்திக்கொண்டது. டிசி-8 பறந்தது 1958 மே 30 அன்றுதான். இருந்தும் பலமான விமானம். 1961 ஓகஸ்ட் 21 அன்று ஒரு சோதனைப் பறப்பில் கீழ்நோக்கிப் பாய்ந்து ஒலியின் வேகத்தைத் தாண்டியது. பயணிகள் ஜெட் ஒன்று அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. அமெரிக்காவின் நாசா ஒரு டிசி-8 ஐ 2024 வரை ஆய்வுக்குப் பறக்க விட்டிருந்தது.

அப்படியானால் அன்று இரவு என்ன நடந்தது? விமானத்தில் பழுது இருந்ததாக விசாரணை சொல்லவில்லை. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்துவிட்டார்கள். கட்டுநாயக்கவை நெருங்கிவிட்டோம் என்று நினைத்து இருட்டில் இறங்கினார்கள். கீழே சமவெளி இல்லை, நம் மலை இருந்தது. ஒரு எஞ்சின் நின்றாலும் ஏறக்கூடிய விமானத்தைச் செய்யப் பழகியவர்களின் கைவேலை, எஞ்சின் நன்றாக இருந்தும் மலையைத் தெரியாமல் போய் மோதியது. ஐம்பது வருஷம் ஆகியும் என்னால் இதை அமைதியாகச் சொல்ல முடியவில்லை.

அதற்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவிலும் ஒரு போயிங் 727 இப்படியே மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி அப்போதே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அந்த மாதமே அமெரிக்க அரசு அதைப் பெரிய விமானங்களுக்குக் கட்டாயமாக்கியது. கருவி ரேடியோ அலையை நேர் கீழே அனுப்பும், தரை வேகமாக மேலே வருவது தெரிந்தால் கத்தும். ஆனால் அது கீழே மட்டும்தான் பார்த்தது. ஏழு கன்னி மலை போல் செங்குத்தாக எழும் இடத்தில் எச்சரிக்கை பிந்திவிடும். 1990 களில்தான் உலகத்து மலைகளின் வரைபடத்தையே கருவிக்குள் வைத்தார்கள், முன்னால் என்ன வருகிறது என்று அது பார்க்கத் தொடங்கியது.

டக்ளஸ் 1967 இல் மெக்டொனல் என்ற இன்னொரு விமானக் கம்பெனியுடன் சேர்ந்தது, 1997 இல் போயிங்குக்குள் போனது. நடுவில் டிசி-10 இன் சரக்குக் கதவு விவகாரம் ஒன்று உண்டு. அந்தக் கதவு சரியாகப் பூட்டாது என்பது 1972 இலேயே ஒரு விபத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்தும் முழுதாகத் திருத்தவில்லை. 1974 மார்ச் 3 அன்று அதே கதவால் பாரிஸ் அருகே ஒரு டிசி-10 விழுந்து 346 பேர் இறந்தார்கள். டிசி-1 இன் கார்ப்ரேட்டர் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திய கம்பெனிக்கு இது எப்படி நேர்ந்தது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

பிள்ளைகளை இரத்மலானை விமானப்படை நூதனசாலைக்குக் கூட்டிப்போங்கள், அங்கே ஒரு டிசி-3 நிற்கிறது. நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கம் போனால் மலையில் விழுந்த விமானத்தின் டயர் ஒன்று நினைவுச்சின்னமாக இருக்கிறது, அதன் முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். நான் ஒவ்வொரு டிசம்பரும் இந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போகிறேன். இந்த வருஷம் என் பேத்தியும் வருகிறாள். ரிவெட்டைத் தடவிப் பார்க்க அவளுக்கும் கொடுப்பேன்.

நன்றி, வணக்கம்.