குகையை விட்டு ஓடிய புலிக்கு என்ன ஆயிற்று? | 'தி லெஜண்ட்' ஏன் பார்க்க வேண்டும்

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கும் சத்தம் எங்கள் வீட்டு ஃபேன். நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டிவிடும், அதனால் இன்றைக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நல்ல கொரியன் டிராமா ஒன்று சொல்லேன்" என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது 'தி லெஜண்ட்'. கொரியன் பெயர் 'தேவாங் சாசின்கி'. பேரரசர், நான்கு தெய்வங்கள், அவர்களின் வரலாறு என்று பொருள். கேட்டவர்கள் ஆசையாக போனை எடுத்துத் தேடுவார்கள். 2007 என்று பார்த்ததும் முகம் தொங்கிவிடும். "இவ்வளவு பழசா?" பழசுதான். இருக்கட்டும், பத்து நிமிடம் கொடுங்கள்.

முதலில் ஒரு கதை. கொரியாவில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கதை. 13ஆம் நூற்றாண்டில் ஒரு பௌத்தத் துறவி எழுதிவைத்த 'சாம்குக் யுசா' என்ற நூலில் இருக்கிறது. வானுலகத்து இளவரசன் ஹ்வானுங், காற்று, மழை, மேகம் மூன்றுக்குமான அமைச்சர்களோடு பூமிக்கு வருகிறான். ஒரு கரடியும் ஒரு புலியும் அவனிடம் போய், எங்களை மனிதர்களாக்கு என்று கேட்கின்றன. அவன் ஒரு கைப்பிடி கசப்பு மூலிகையும் இருபது பல் பூண்டும் கொடுத்து, இதை மட்டும் தின்றுகொண்டு நூறு நாள் வெயில் படாமல் இருங்கள் என்கிறான். இரண்டும் குகைக்குள் போகின்றன. புலியால் முடியவில்லை, ஓடிவிடுகிறது. கரடி தாக்குப்பிடித்து, இருபத்தோராம் நாளே பெண்ணாகிவிடுகிறது. அவளுக்கும் ஹ்வானுங்குக்கும் பிறந்தவன்தான் தங்குன், கொரியாவின் முதல் அரசன். இன்றைக்கும் அக்டோபர் 3 அங்கே அதற்காகவே அரசு விடுமுறை.

சரி, அந்தப் புலி என்ன ஆயிற்று? யாருமே கேட்பதில்லை. தோற்றது, ஓடியது, அவ்வளவுதான். இந்த டிராமா அந்தப் புலியைத்தான் பிடித்துக்கொள்கிறது. எனக்கு இது இவ்வளவு பிடித்ததற்கு அதுதான் காரணம்.

இதில் கரடியும் புலியும் மிருகங்கள் இல்லை, இரண்டு குலங்கள். புலிக் குலத்தின் தலைவி காஜின். நெருப்பு அவள் கையில் இருக்கிறது, அதை வைத்து எல்லோரையும் அடக்கி ஆள்கிறாள். ஹ்வானுங் வந்து அந்த நெருப்பைப் பிடுங்கி ஒரு சிவப்புக் கல்லுக்குள் அடைத்துவிடுகிறான். அதற்கப்புறமும் அவள் அவன்மேலேயே காதல் கொள்கிறாள். அவனோ கரடிக் குலத்து சேஓவை விரும்புகிறான். அதோடு விட்டானா? காஜினிடமிருந்து எடுத்த அதே நெருப்பை சேஓ கையில் கொடுக்கிறான். அட மனுஷா, அதை வேறு யாரிடமாவது கொடுத்திருக்கக் கூடாதா!

அப்புறம் சேஓவுக்குக் குழந்தை பிறக்கிறது. அந்தப் பச்சைக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு காஜின் மலை விளிம்பில் நிற்கும் காட்சி ஒன்று இருக்கிறது. காஜினாக நடிக்கும் மூன் சோ-ரி முகத்தைப் பாருங்கள். வில்லிச் சிரிப்பு கிடையாது. எல்லாவற்றையும் பறிகொடுத்த ஒருத்தியின் முகம். அடுத்து நடப்பதைப் பார்த்த சேஓ தன் நினைவு இழந்து கருப்பு ஃபீனிக்ஸ் என்ற நெருப்புப் பறவை ஆகிவிடுகிறாள், உலகமே பற்றி எரிகிறது. அதை நிறுத்த ஹ்வானுங் தன் மனைவியைப் பார்த்தே வில்லை வளைக்க வேண்டியதாகிறது. பயப்படாதீர்கள், கதையைக் கெடுக்கவில்லை, இதெல்லாம் முதல் எபிசோடிலேயே முடிந்துவிடும்.

அங்கிருந்து கதை ஒரே தாவலில் 4ஆம் நூற்றாண்டு கோகுர்யோ என்ற பழைய கொரிய நாட்டுக்கு வருகிறது. பழைய ஆட்கள் எல்லோரும் மறுபிறவி எடுத்து வருகிறார்கள், அதே நடிகர்கள்தான். ஹ்வானுங்காக வந்த பே யோங்-ஜுன் இங்கே இளவரசன் தம்தோக். காஜினாக வந்த மூன் சோ-ரி இங்கே கிஹா. சேஓவாக வந்த லீ ஜி-ஆ இங்கே சுஜினி. கிஹாவும் சுஜினியும் இந்தப் பிறவியில் கூடப்பிறந்த அக்கா தங்கை! போன பிறவியில் ஒருத்தி குழந்தையை இன்னொருத்தி பறித்தாள். இந்தப் பிறவியில் ஊரே எரியும்போது, அக்கா தன் கைக்குழந்தைத் தங்கையை ஒரு ஜாடிக்குள் வைத்து மூடி ஒளிக்கிறாள். அக்காவை எதிரிகள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். குழந்தையைக் கண்டெடுத்து வளர்ப்பது வேறு ஒருவர். இருவரும் எங்கெங்கோ வளர்கிறார்கள். ஒருத்தி கோயில் பூசாரிப் பெண், இன்னொருத்தி குடித்துவிட்டுச் சூதாடும் வாயாடி. இதில் யார் நெருப்பு, யார் கரடி, யார் புலி என்ற கணக்கு எபிசோடுக்கு எபிசோட் புரண்டுகொண்டே இருக்கும்.

குட்டி கிஹாவாக வரும் பெண்ணை உங்களுக்கு நன்றாகத் தெரியும். 'எக்ஸ்ட்ராடினரி அட்டர்னி வூ' டிராமாவில் வந்த பார்க் உன்-பின்தான் அது. நான் பாஸ் செய்து, கிட்டே போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

தம்தோக் பற்றிச் சொல்லவில்லையே. அவன் பிறந்த இரவில் வானத்தில் அரசனுக்கான நட்சத்திரம் ஒளிர்கிறது. சிக்கல் என்னவென்றால் அதே இரவில் இன்னொரு பையனும் பிறக்கிறான், ஹோகே. ஊரும் பிரபுக்களும் நட்சத்திரம் ஹோகேவுக்குத்தான் என்று நம்புகிறார்கள். அப்பா மகனிடம் சொல்வது ஒன்றே ஒன்று: நீ யார் என்று யாருக்கும் தெரியக் கூடாது. அதனால் கத்தி பிடிக்கத் தெரிந்தும் தெரியாதவன்போல, புத்தி இருந்தும் மக்குபோலப் பையன் வளர்கிறான். ஹீரோ என்றால் அறிமுகக் காட்சியிலேயே பத்துப் பேரை அடிக்க வேண்டும் என்று பழகிய நமக்கு இது புதுசு. ஹோகேயும் கெட்டவன் இல்லை. நீதான் ராஜா என்று சின்ன வயதிலிருந்து எல்லோரும் சொல்லி வளர்த்த பிள்ளை, பாவம்.

தம்தோக் கற்பனை ஆள் இல்லை தெரியுமா? கோகுர்யோவின் குவாங்கேதோ பேரரசருடைய இயற்பெயர்தான் அது. 391இல் பதின்வயதிலேயே அரியணை ஏறியவர். அவர் மகன் 414இல் நிறுத்திய கல்வெட்டு இன்றைய சீனாவின் ஜியான் நகரில் இன்னும் நிற்கிறது. ஆறு மீட்டருக்கும் மேல் உயரமான ஒற்றைக் கல். 64 கோட்டைகளையும் 1,400 கிராமங்களையும் பிடித்தார் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். நீல டிராகன், வெள்ளைப் புலி, சிவப்புப் பறவை, பாம்பு சுற்றிய கருப்பு ஆமை என்ற நான்கு காவல் தெய்வங்களும் கோகுர்யோ கல்லறைச் சுவர்களில் உண்மையாகவே தீட்டப்பட்டிருக்கிறார்கள். கல்வெட்டையும் சுவரோவியத்தையும் பூண்டு தின்ற கரடிக் கதையையும் ஒரே நூலில் கோத்திருக்கிறார் எழுத்தாளர் சோங் ஜி-நா. இயக்குநர் கிம் ஜோங்-ஹாக்.

இசை யார் தெரியுமா? ஜோ ஹிசாய்ஷி. 'ஸ்பிரிட்டட் அவே' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்துக்கு இசையமைத்த அதே ஹிசாய்ஷி! டைட்டில் இசையை ஒரு நாள்கூட ஸ்கிப் செய்ததில்லை நான்.

குறைகளும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது. கிராபிக்ஸ் 2007 கிராபிக்ஸ்தான். அந்த நீல டிராகனைப் பார்த்து நீங்கள் சிரித்தால் நான் கோபப்பட மாட்டேன். நடுவில் பிரபுக்கள் கூடிப் பேசும் காட்சிகள் இழுக்கும், அந்த இடத்தில் நான் துணி மடித்துக்கொண்டே பார்த்தேன். கடைசி எபிசோட்... 24ஆவது எபிசோட் முடிந்ததும் ரிமோட்டை சோபாவில் எறிந்தேன், அவ்வளவுதான் சொல்வேன். அவசர அவசரமாக முடித்துவிட்டார்கள். ஆனால் மறுநாளே திரும்ப முதல் எபிசோடைப் போட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். முதல் எபிசோட் குழப்பமாக இருக்கிறது என்று ஓட்டிவிட்டு இரண்டாவதுக்குப் போகாதீர்கள். மீதி 23 எபிசோடும் அந்த ஒன்றில் வாங்கிய கடனைத்தான் அடைத்துக்கொண்டிருக்கின்றன.

குக்கர் மூன்றாவது விசில், கேட்கிறதா? போக வேண்டும். எங்கள் அம்மா முதலில், "இந்தச் சீனாக்காரன் படத்தை எல்லாம் யார் பார்ப்பது" என்று அடுப்படியிலேயே நின்றார். ஜாடிக் காட்சியில் கரண்டியோடு ஹாலுக்கு வந்தவர், உட்கார்ந்தேவிட்டார். இப்போது ஆறாவது எபிசோடில் இருக்கிறார். "அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் எப்போடி தெரியும், அக்கா தங்கச்சின்னு?" என்று தினமும் கேட்கிறார். நான் சொல்லவில்லை. நீங்களும் கமென்டில் சொல்லிவிடாதீர்கள், அம்மா எல்லாவற்றையும் படிப்பார்.